கர்ப்பத்துக்கு முந்திய உப்பு

நம் குடும்பங்களில் ஒரு பெண் கர்ப்பவதியானாள் என்ற செய்தி பெரியவர்களின் செவிக்கு எட்டிய நாள் முதற்கொண்டு, அவள் உண்ணும் அன்னத்தின் மீதும் பருகும் பாலின் மீதும் வீட்டார் அனைவருடைய சிரத்தையும் ஒருமிக்கத் திரும்புகிறது. மாமியார் மாதுளை உரித்துக் கொடுக்கிறார். தாய் வீட்டிலிருந்து வாய்க்கு ருசியானவை வந்து சேருகின்றன. ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, எலுமிச்சைச் சாதமும் புளிச் சாதமும் தயிர்ச் சாதமும் சமைத்து, அவள் வயிறு நிறைய உண்பதைக் கண்ணாரக் கண்டு களிக்கிறார்கள். அரசாங்கமும் பெரும்பாலும் இதே முறையை அனுசரித்து, கர்ப்பத்தைப் பதிவு செய்த தினத்திலிருந்தே தன் உபகாரங்களைத் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நடைபெறும் மகப்பேறு உதவித் திட்டத்தில் 12 வாரங்களுக்குள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துவதையே நாம் தக்க முன்னேற்பாடு என்று எண்ணுகிறோம். இந்த அன்பும் இந்த ஏற்பாடுகளும் போற்றத் தக்கவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரே ஒரு சத்தைப் பொறுத்த மட்டில் இவை யாவும் காலங்கடந்து வருகின்றன. அந்தச் சத்து அயோடின்.

1811-ஆம் ஆண்டில் பெர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து தற்செயலாகக் கண்டெடுத்த மூலப்பொருள் அது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதுமானது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்ணயம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே ஒரு மைக்ரோகிராம். எழுபது வருஷம் ஜீவிக்கும் ஒரு மனிதனுடைய ஆயுள் முழுவதற்கும் வேண்டிய அயோடினை ஒருங்கே திரட்டினாலும் அது நான்கு கிராமுக்கு மேற்படாது என்றால், இயற்கை நம்மிடம் கேட்பது எவ்வளவு அற்பம் என்பதும், அந்த அற்பத்தைக்கூடக் கொடுக்கத் தவறும்போது அது விதிக்கும் தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதும் விளங்கும்.

கழுத்தின் முன்புறத்தில் அமைந்த தைராய்டு சுரப்பி, இரத்தத்தில் வரும் அயோடினைப் பற்றி இழுத்து, தைராக்ஸின் என்னும் சுரப்பு நீரை உண்டாக்குகிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. பெரியவர்களின் தேகத்தில் உஷ்ணத்தையும் இதயத்தின் ஓட்டத்தையும் சுறுசுறுப்பையும் நிர்வகிக்கும் இந்தச் சுரப்பு, கருவிலிருக்கும் சிசுவின் விஷயத்தில் இன்னும் மகத்தான ஒரு காரியத்தைச் செய்கிறது. மூளையின் நரம்பணுக்கள் பெருகுவதும், பெருகியவை தத்தமக்குரிய இடத்துக்குப் பெயர்ந்து செல்வதும், அங்கே ஒன்றோடொன்று தொடர்பு கொள்வதும் தைராக்ஸினின் துணையின்றிச் செவ்வனே நடைபெறுவதில்லை. ஆனால் சிசுவின் சொந்தத் தைராய்டு சுரப்பி ஏறக்குறைய 12-ஆம் வாரத்தில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. கர்ப்பகாலத்தின் பாதியை எட்டும் வரையில் அதன் உற்பத்தி சொல்லிக்கொள்ளும்படியாக இருப்பதில்லை. அதுவரையில் அந்த இளம் மூளை தாயின் இரத்தத்திலிருந்து வரும் தைராக்ஸினையே முற்றிலும் நம்பியிருக்கிறது. ஆகையால் கருத்தரித்த சில வாரங்களுக்குள்ளாகவே தாயின் சுரப்பி தன் உற்பத்தியை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்த வேண்டியதாகிறது; அதே சமயத்தில் சிறுநீரகங்கள் வழியாக அயோடின் வெளியேறுவதும் முன்னைவிட அதிகரிக்கிறது.

இந்த வாரங்கள் எவை என்பதைச் சற்றே நிதானித்து எண்ணிப் பாருங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று பெண்ணுக்கே சந்தேகமாக இருக்கும் வாரங்கள். பரிசோதனை செய்து பார்த்தும் வெளியே சொல்லாமல் தம்பதிகள் தமக்குள் வைத்திருக்கும் வாரங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மசக்கையின் வாரங்கள். சோற்று வாசனையே குமட்டுகிற, தாளிப்பின் மணத்துக்கே எழுந்து ஓடுகிற ஒரு பெண்ணிடம், இதுவரை உனக்குக் கிடைக்காத ஒரு சத்தை இப்போது நிறைய உண் என்று உபதேசிப்பதால் விளையும் பிரயோஜனம் மிகக் குறைவு. அவள் உடலில் அப்போது பயன்படக் கூடியது, முன்னரே சேர்ந்து கிடக்கும் இருப்பு ஒன்றுதான். தைராய்டு சுரப்பி ஒரு நெற்குதிர் போல அயோடினைச் சேமித்து வைக்கிறது. ஆரோக்கியமான சுரப்பியில் 15 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பு உண்டு. நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வீதம் கணக்கிட்டால், 15 மில்லிகிராம் என்பது நூறு நாளைய தேவை. பல மாதங்களாகவும் வருஷங்களாகவும் அயோடின் குறைந்த உணவை உண்டு வந்தவளுடைய குதிரில் இந்த இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டிருக்கும். ஒரு பெண் தாயாகும்போது அவளுடைய குழந்தைக்குக் கிடைக்கும் அயோடின், முந்திய வருஷத்தில் அவள் வீட்டுச் சமையலறையில் தீர்மானமான அயோடின்.

இது ஊகமன்று, பரீட்சித்துக் கண்ட உண்மை. பாப்புவா நியூகினியின் மலைநாட்டில் ஜிமி பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. மழை மண்ணைக் கழுவிக் கழுவி அயோடினை அறவே கொண்டுபோய்விட்ட மலைப்பிரதேசம் அது. அங்கே கழுத்துக் கழலை சர்வ சாதாரணமாக இருந்ததோடு, பேச்சும் செவியும் இழந்து, கால்கள் விறைத்து, அறிவு வளராமற் பிறந்த குழந்தைகளும் கிராமந்தோறும் காணப்பட்டனர். 1966-இல் பீட்டர் ஃபரோ, பட்ஃபீல்ட், பாஸில் ஹெட்ஸெல் ஆகிய மருத்துவர்கள் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். எண்ணெயில் கலந்த அயோடினை ஒருமுறை ஊசியாகப் போட்டால் அது சில வருஷங்களுக்கு உடலில் தங்கி மெல்ல மெல்லப் பயன்படும். குடும்பங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அந்த அயோடின் எண்ணெயையும், மற்றப் பகுதியினருக்கு வெறும் உப்பு நீரையும் ஊசி மூலம் செலுத்தி, பின்னர் அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளை வருஷக் கணக்கில் கவனித்து வந்தார்கள்.

அதன் முடிவுகள் 1971-இல் லான்செட் பத்திரிகையில் வெளியாயின. உப்பு நீர் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேர் அந்தக் கொடிய குறைபாட்டுக்கு இரையாகியிருந்தனர். அயோடின் பெற்ற தாய்மாரின் 498 குழந்தைகளில் அவ்வாறு பாதிக்கப்பட்டோர் எழுவர். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால், மருந்து ஓரளவு பலித்தது, முழுவதும் பலிக்கவில்லை என்றே தோன்றும். ஆனால் அந்த எழுவரில் அறுவருடைய தாய்மார் ஊசி போட்டுக்கொண்ட நாளிலேயே கர்ப்பமாக இருந்தவர்கள். ஊசி போட்ட பிறகு கருத்தரித்த பெண்களிடையே அந்த வியாதி ஏறக்குறைய அற்றே போயிற்று. கருவுற்ற பின் ஊசி வந்து சேர்ந்த அந்த ஆறு பேருக்கோ அதே மருந்து, அதே அளவில் கிடைத்தும், அவர்களுடைய குழந்தைகளைக் காக்க இயலவில்லை. மருந்துக்கும் வியாதிக்கும் இடையே நின்றது சில வாரங்களின் தாமதம் ஒன்றே. மருத்துவ நூல்களில் நான் படித்த கணக்குகளிலே இந்த ஆறு என்ற எண்ணைப்போல் மனத்தை வருத்துவது வேறொன்று இல்லை. அந்தத் தாய்மார் எந்தப் பிழையும் செய்தவர்கள் அல்லர்; உதவி அவர்களிடம் வந்து சேர்ந்த காலமே பிந்திவிட்டது.

ஜிமி பள்ளத்தாக்கைப் போன்ற கடும் பஞ்சம் நம்மிடம் இல்லையே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அயோடின் குறைவு என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைகளோடு முடிந்துவிடுவதன்று; கண்ணுக்குத் தெரியும் ஊனம் ஒரு கோடியில் நின்றால், மறு கோடியில், பார்வைக்கு யாதொரு குறையும் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் பிடிபடுவதற்குச் சற்றே அதிக நேரம் வேண்டுகிற குழந்தை நிற்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் கர்ப்பமாயிருந்த சுமார் ஆயிரம் பெண்களின் சிறுநீர், முதல் மூன்று மாதங்களில் சேகரித்து வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அதைச் சோதித்துப் பார்த்தபோது மூவரில் இருவருக்கு அயோடின் போதாமல் இருந்ததும், அவர்களுடைய குழந்தைகள் எட்டு, ஒன்பது வயதில் சொல்லறிவிலும் வாசிப்பிலும் பிறரைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்ததும் 2013-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தன. செல்வமும் சுகாதார வசதியும் நிரம்பிய தேசத்துப் பெண்கள் அவர்கள். ஸௌதாம்ப்டன் நகரில் பெண்களைக் கருத்தரிப்பதற்கு முன்னமே சந்தித்து விவரங்களைச் சேகரித்து, பிற்பாடு பிறந்த குழந்தைகளையும் பின்தொடர்ந்த மற்றோர் ஆராய்ச்சி, கர்ப்பத்துக்கு முன் தாயிடமிருந்த அயோடினுக்கும் குழந்தையின் அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருப்பதை 2018-இல் எடுத்துக் காட்டியது. இவை பார்த்து அறிந்தவையே தவிர, கொடுத்துச் சோதித்தவை அல்ல என்பதை நான் மறைக்கவில்லை.

கொடுத்துச் சோதித்த ஒன்றும் உண்டு. அது நமக்கு அண்மையில் பெங்களூரிலும், தாய்லாந்தின் பாங்காக்கிலும் நடந்தது. சிறிதளவே அயோடின் குறைந்த கர்ப்பிணிகளில் ஒரு சாராருக்கு நாள்தோறும் 200 மைக்ரோகிராம் அயோடினும், மற்றொரு சாராருக்குச் சத்தில்லாத மாத்திரையும் கொடுத்து, பிறந்த குழந்தைகளை ஐந்து, ஆறு வயது வரையில் கவனித்ததில், இரு சாராருக்கும் இடையே வித்தியாசம் காணப்படவில்லை என்று 2017-இல் தெரிவித்தார்கள். இதைக் கொண்டு, பார்த்தீர்களா, அயோடினால் பயனில்லை என்று கூறுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. லேசான குறைவை ஈடுசெய்யும் சாமர்த்தியம் ஆரோக்கியமான சுரப்பிக்கு உண்டு என்பது ஒரு விளக்கம். அந்தப் பெண்களுக்கு மாத்திரை கிடைத்தபோது கர்ப்பத்தின் முதல் வாரங்கள் கழிந்துவிட்டிருந்தன என்பது மற்றொரு விளக்கம். எதைக் கொண்டாலும் வந்து சேரும் இடம் ஒன்றே: கர்ப்பகாலத்து மாத்திரையில் நம்பிக்கை வைத்துக் காத்திருப்பதைவிட, கர்ப்பத்துக்கு நெடுநாள் முன்னிருந்தே சாதாரண உணவின் வழியாக அயோடின் இடையறாது கிடைத்துக்கொண்டிருப்பதே உத்தமம்.

இந்தியாவுக்கு இந்த ஞானம் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ராபர்ட் மக்காரிஸன் என்ற மருத்துவர், அந்நாளில் பாரதத்தின் வட எல்லையாக இருந்த கில்கிட், சித்ரால் பள்ளத்தாக்குகளில் கழலையையும் பிறவி மந்தத்தையும் ஆராய்ந்து எழுதினார். அவரே பின்னர் நம் நீலகிரியில், குன்னூரில், உணவு ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார். அந்த ஆய்வுக்கூடமே வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1956-இல் வி. ராமலிங்கஸ்வாமியும் அவருடைய சகாக்களும் இமயத்தின் அடிவாரத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, இரண்டு மண்டலங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பையும், ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் வழங்கினார்கள். ஐந்தாறு வருஷங்களில் அயோடின் பெற்ற மண்டலங்களின் பள்ளிக் குழந்தைகளிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. மற்றதில் அப்படியே இருந்தது. அந்தச் சான்றின் பலத்தில் 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. கழுத்தில் தெரியும் வீக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத மூளைக் குறைவே பெரிய நஷ்டம் என்பது உணரப்பட்ட பின், 1992-இல் அத்திட்டம் அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் தடுக்கும் திட்டமாகப் பெயர் மாறியது.

சட்டத்தின் சரித்திரம் அவ்வளவு நேரானதன்று. அயோடின் சேராத உப்பை மனிதர் உணவுக்காக விற்பதை 1998-இல் நாடு முழுவதும் தடை செய்தார்கள். மக்களின் சுயேச்சையில் தலையிடலாகாது என்று 2000-இல் மத்திய அரசு அந்தத் தடையை எடுத்துவிட்டது. பிறகு 2006 மே மாதத்தில் மீண்டும் கொண்டுவந்தது. சுயேச்சை உயர்ந்த கொள்கை என்பதை யார் மறுப்பார்கள்? ஆயின் உப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதனால் நஷ்டமடையும் மூளை இன்னும் பிறவாத வேறொருவருடையது என்னும்போது, அந்தக் கொள்கையை இங்கே கொண்டுவந்து பொருத்துவது தர்மமாகாது என்பது என் அபிப்பிராயம்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத கடற்கரையும், தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் உப்பளங்களும் உடைய நாடு இது. மலைநாட்டாருக்கு வரும் வியாதி கடலோரத்தாருக்கு எப்படி வரும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள்; கடலில் விளைந்த உப்பில் கடலின் அயோடின் இராதா என்பது அவர்களுடைய வாதம். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வாதம் நிற்பதில்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பும், வெறும் 50, 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அவ்வளவு அயோடினும் சிந்தாமல் சிதறாமல் உப்போடு தங்கினாற்கூட, நாளுக்குப் பத்து கிராம் உப்பு உண்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது 17 மைக்ரோகிராம்தான், வேண்டுவதோ 150. உண்மையில் உப்பு பூத்தபின் பாத்தியில் எஞ்சி நிற்கும் கசப்பு நீரோடு அந்த அற்ப அயோடினிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே, பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்துச் சேர்த்தாலன்றி, கடலுப்பு, பாறையுப்பு எதிலும் பேறுகாலத்துக்கு உதவும் அளவு அயோடின் இருப்பதில்லை.

2018–19-இல் நாடு தழுவி நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் கொண்ட உப்பை உபயோகிக்கும் வீடுகள் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 76.3 என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் அது 61.9, மாநிலங்களின் வரிசையில் கடைசி இடம். மகப்பேற்று மரணத்தைக் குறைத்ததிலும், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவம் பார்ப்பதிலும், பள்ளிக் குழந்தைகளுக்கு அன்னமிடுவதிலும் தேசத்துக்கு வழிகாட்டியாக நின்ற மாநிலம், உப்பு விஷயத்தில் இப்படிக் கடைசியில் நிற்பதை எண்ணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

இதற்குக் காரணம் வறுமையன்று, பழக்கம். நம் வீடுகளில் கல்லுப்புக்கு ஒரு கௌரவம் உண்டு. புது வீடு புகும்போது மஞ்சளோடு முதலில் உள்ளே செல்வது அது. வெள்ளிக்கிழமையன்று லட்சுமி கடாட்சம் வேண்டி வாங்குவது அது. ஊறுகாய்க்கும் இட்லி மாவுக்கும் அதுவே உகந்தது என்பது பாட்டிமாரின் தீர்ப்பு. அந்தக் கௌரவத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் உப்பளத்திலிருந்து மூட்டையாக வந்து, தெருவில் வண்டியில் வைத்துப் படிக்கணக்கில் அளந்து விற்கப்படும் கல்லுப்பில் அயோடின் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. சேர்த்திருந்தாலும், படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அது, ஈரம் கசிந்து வடியும்போதும் வீட்டில் கழுவும்போதும் போய்விடுகிறது. தொழிலுக்கும் கால்நடைக்கும் ஊறவைத்துப் பதப்படுத்துவதற்கும் அயோடினில்லாத உப்பை விற்கச் சட்டம் இடம் தருவதால், அப்படி முத்திரையிட்ட மூட்டையே மளிகைக் கடையின் பின்வாசல் வழியாகச் சமையலறைக்கும் வந்துவிடுகிறது. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை வாசித்து வாங்கினால் பழக்கத்தையும் விட வேண்டியதில்லை, குழந்தையையும் இழக்க வேண்டியதில்லை.

பழைய பழக்கத்தைவிட என்னை அதிகமாகக் கவலைப்படுத்துவது புதிய மோகம். அண்மைக் காலத்தில் படித்த, வசதியுள்ள இளம் தம்பதிகள் இந்துப்பைத் தேடி வாங்குகிறார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில், பல மடங்கு விலையில், எண்பது தாதுக்கள் அடங்கியது என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் அந்தப் பாறையுப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. அதிலுள்ள ஏனைய தாதுக்களின் அளவோ சரீரத்துக்கு ஒரு பொருட்டாகாதபடி சொற்பம். இதே வீடுகளில்தான், கர்ப்பம் தரிக்கு முன் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்ற நல்ல செய்தியும் போய்ச் சேர்ந்திருக்கிறது. குழந்தைக்காக ஒரு மாத்திரையைத் தவறாமல் விழுங்கிக்கொண்டே, அந்தக் குழந்தையின் மூளைக்கு வேண்டிய அயோடினைத் தாமே விலை கொடுத்து வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார்கள். அயோடின் உப்பால்தான் தைராய்டு வியாதி பெருகிற்று, இது பெரிய கம்பெனிகளின் சூழ்ச்சி என்ற பேச்சும் இந்த மோகத்துக்குத் துணை நிற்கிறது. நெடுங்காலம் அயோடின் குறைந்திருந்த பிரதேசத்தில் திடீரென்று அது கிடைக்கும்போது, முதியவர் சிலருக்குத் தைராய்டு மிகுதியாகச் சுரக்கும் உபாதை தோன்றுவது உண்டு. அது மருத்துவர்கள் அறிந்த, எல்லைக்குட்பட்ட, சிகிச்சைக்கு அடங்கும் விஷயம். அதற்காகத் தலைமுறை முழுவதற்கும் அயோடினை மறுப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. சிறிய உப்பள முதலாளிகள் பெரிய கம்பெனிகளோடு போட்டியிட முடியாமல் நசிகிறார்கள் என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஓர் ஆளுக்கு வருஷத்துக்குச் சில ரூபாய்க்கு மேற்படாத இந்தச் செலவை அரசாங்கம் பகிர்ந்துகொண்டு, வேதாரண்யத்துச் சிற்றுப்பளத்துக்கும் தெளிப்பு இயந்திரமும் சோதனை வசதியும் கிடைக்கச் செய்வதே அதற்குப் பரிகாரம்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். இரத்தக் கொதிப்பைத் தடுக்க நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பை அடக்கிக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். அது சரியான உபதேசம். ஆனால் நமது சட்டப்படி வாங்குவோர் கைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 15 மில்லிகிராம் உள்ள உப்பில் பத்து கிராம் உண்பவருக்கு 150 மைக்ரோகிராம் கிடைக்கும். ஐந்து கிராமே உண்பவருக்கு 75. கொதிக்கும்போது இழப்பது வேறு. ஆகையால் உப்பைக் குறைத்துக்கொள்ளும் பெண், தான் உபயோகிக்கும் அந்தக் கொஞ்சம் உப்பும் முழு அயோடினோடு கூடியதா என்று முன்னைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவளாகிறாள். மூடியில்லாத ஜாடியை அடுப்பின் ஓரத்தில் வைக்காதிருப்பதும், ஈரக்கரண்டி இடாதிருப்பதும், குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் உப்புச் சேர்ப்பதும் சிறிய காரியங்களே, செலவில்லாதவை. உப்பின் அளவை ஜனங்கள் குறைத்துக்கொண்டே வருவார்களானால், அதில் சேர்க்கும் அயோடினை உயர்த்துவதைப் பற்றி அரசாங்கமும் உரிய காலத்தில் யோசித்தாக வேண்டும்.

உப்பைத் தவிர, நெத்திலி, இறால் முதலிய கடல் உணவுகளிலும் பாலிலும் தயிரிலும் முட்டையிலும் அயோடின் உண்டு. மீன் உண்ணும் கடலோரக் குடும்பங்களுக்கு இதில் ஓர் அநுகூலம் இருக்கிறது. உள்நாட்டில் காய்கறி மட்டும் உண்போருக்கு, அதிலும் பாலையும் விலக்கும் புதிய விரதத்தை மேற்கொண்டோருக்கு, அயோடின் உப்பைத் தவிர வேறு கதி பெரும்பாலும் இல்லை. மரவள்ளிக் கிழங்கையே முக்கிய உணவாகக் கொள்வோரிடத்தில், அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் சுரப்பி அயோடினைப் பற்றுவதைத் தடுக்கிறது. புகையிலைப் புகைக்கும் இந்தத் தோஷம் உண்டு. நன்கு வேகவைத்து அளவாக உண்ணும் கிழங்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அமெரிக்கத் தைராய்டு சங்கம், குழந்தை வேண்டும் என்று தீர்மானிக்கும் பெண்கள் கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்னரே நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் அடங்கிய மாத்திரையைத் தொடங்குவது நல்லது என்று ஆலோசனை கூறியிருக்கிறது. அயோடின் உப்பு கட்டாயமாக்கப்படாத தேசத்தை உத்தேசித்துச் சொன்ன அந்த ஆலோசனையை நம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டியதில்லை. உப்பைக் கடுமையாகக் குறைத்தவர்களும் பாலும் மீனும் விலக்கியவர்களும் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யலாம். ஏற்கெனவே தைராய்டு வியாதிக்கு மருந்து உட்கொள்ளும் பெண்கள் தாமாக எதையும் சேர்த்துக்கொள்ளலாகாது. அவர்கள் கருத்தரிக்க எண்ணும்போதே சுரப்பின் அளவைப் பரிசோதித்து மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடற்பாசி மாத்திரைகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றில் அயோடினின் அளவு நிலையாக இருப்பதில்லை. மிகுதியான அயோடினும் தாய், சிசு இருவர் சுரப்பிக்கும் தீங்கு செய்யும்.

அரசாங்கம் வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, அயோடின் கிடையாது. அதைக் கர்ப்பிணிகளும் பள்ளி மாணவிகளும் அறிந்திருப்பது நலம். மாத்திரை உட்கொள்ளுகிறோமே, எல்லாம் அதில் அடங்கியிருக்கும் என்று நம்பி உப்பை அலட்சியம் செய்பவர்கள் பலர். பள்ளியில் படிக்கும் பெண் குழந்தைக்குச் சத்துணவுக் கூடத்தில் அயோடினும் இரும்பும் சேர்ந்த உப்பில் சமைத்த உணவு கிடைக்கிறது. தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரிக்கும் உப்பு அது. பள்ளியை விட்டு அவள் வெளியேறியதும் அந்த ரட்சணை நின்றுவிடுகிறது. பிறகு வேலைக்கும் கல்லூரிக்கும் போய், விடுதியில் உண்டு, மணமாகி மற்றொரு வீட்டுச் சமையலறைக்குச் செல்லும் வரையில் கழியும் ஐந்தோ பத்தோ வருஷங்களில், அவளுடைய உப்பைப் பற்றிக் கேட்பார் ஒருவரும் இல்லை. அவளுடைய முதல் குழந்தையின் மூளைக்கு வேண்டிய அயோடின் சேர வேண்டிய வருஷங்களும் இவையே.

இதற்குப் புதிய இலாகா ஒன்றும் வேண்டுவதில்லை. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொருவரிடமும், தம் பகுதியில் வசிக்கும் குழந்தை பெறும் பிராயத்துத் தம்பதிகளின் பதிவேடு ஒன்று இருக்கிறது. புதிதாக மணமாகி வந்த பெண்ணின் பெயர், அவள் கர்ப்பமாவதற்கு முன்னமே, அதில் ஏறிவிடுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஏற்பட்ட அந்தப் பதிவேட்டை இந்த நோக்கத்துக்கும் உபயோகிக்கலாகாதா? உப்பின் மீது ஒரு சொட்டு விட்டால் நீலம் பாரித்து அயோடினைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக் குப்பி, உள்ளங்கையில் அடங்குவது; மிகவும் மலிவானது. புது மணமக்களின் வீட்டுக்கு முதன்முறையாகச் செல்லும் செவிலியர், அந்த வீட்டு உப்பை எடுத்து, மாமியாரும் மருமகளும் பார்த்திருக்க ஒரு சொட்டு விட்டுக் காட்டி, நிறம் மாறாவிட்டால் எந்த உப்பை வாங்க வேண்டும் என்று சொல்லி, முடிவைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளட்டும். நிறம் மாறாத வீடுகள் எந்தத் தெருவில் நெருங்கி இருக்கின்றனவோ, அந்தத் தெருவுக்கு உப்பு விற்கும் கடையையும் வண்டியையும் தேடி உணவுப் பாதுகாப்பு அதிகாரி செல்லட்டும். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு அயோடின் உப்பு குறைந்த விலையில் தடையின்றிக் கிடைக்குமாறு செய்வதும், பதிவேட்டில் உப்புக்கென ஒரு கட்டத்தை அச்சிடுவதும் ஓர் அரசாணையால் ஆகக்கூடிய காரியங்கள்.